முனகும் பெஞ்ச்

சைலஸுக்கு ஐம்பத்தெட்டு வயது. தினமும் சாம்பியன் ரீப்ஸ் ஸ்டேஷனில் ரயிலேறி பெங்களூர் போய், தோட்டத்தில் போடுகிற தேக்கு பெஞ்சுகளை ஒரு கடையில் விற்கிறார். பொய் சொல்லி விற்கிற ஆள் இல்லை. தேக்குக்குள்ளேயே எண்ணெய் இருக்கிறது, மழை ஒன்றும் செய்யாது, கறையான் அண்டாது. பாலிஷ் போடாவிட்டால் சாம்பல் நிறமாகும், ஆனால் பலம் குறையாது. இவ்வளவுதான் சொல்வார். “நூறு வருஷம் உழைக்கும்” என்றும் சொல்லச் சொன்னார் முதலாளி.

“நூறு வருஷம் கூடவே இருந்து பாத்தது யாரு?” என்று சைலஸ் மறுத்துவிட்டார்.

2001இல் மூடும்வரை நந்திதுர்க் தங்கச் சுரங்கத்தில் டிம்பர் வேலை பார்த்தவர் அவர். பூமிக்கடியில் பாறை சரியாமல் மரத்தூண்களால் முட்டுக் கொடுக்கும் வேலை. தூண் முனகினால் பாறை இறங்குகிறது என்று அர்த்தம். அங்கே யாரும் நின்று யோசிக்க மாட்டார்கள், வெளியே ஓடுவார்கள்.

போன வாரம் கடைக்கு ஓர் அம்மாள் போன் செய்தார். சைலஸ்தான் எடுத்தார். மூன்று வருஷத்துக்கு முன் வாங்கிய பெஞ்ச் முனகுகிறதாம். திருகாணியை இறுக்கினால் சரியாகிவிடும். கடையில் எல்லோருக்கும் அது தெரியும், சைலஸுக்கும் தெரியும்.

“இப்ப யாராவது அதுல உக்காந்துனு இருக்காங்களாம்மா?”

“எங்க வீட்டுக்காரர் உட்கார்ந்திருக்கார்.”

சைலஸ் நாற்காலியைத் தள்ளிவிட்டு எழுந்தார்.

“அவர ஒடனே வெளிய வரச் சொல்லுங்க!”

அந்த அம்மாள் ஜன்னல் வழியாகத் தோட்டத்தை எட்டிப் பார்த்தார்.

“வெளியிலதான் சார் இருக்கார். மேல வானம்தான் இருக்கு.”