என் முதுகில் சாய்ந்தவன்

இது நடந்தது. இருட்டில் அல்ல, மயானத்தில் அல்ல. எங்கள் துறைமுக ஊரான தாரகோனாவில், செப்டம்பர் மாத ஞாயிற்றுக்கிழமை ஒன்றில், பகல் ஒன்றரை மணிக்கு, நகராட்சிச் சதுக்கத்தில், ஆயிரக்கணக்கானோர் நடுவில். பேய் என்றால் பாழடைந்த பங்களாவும் ஊளையிடும் நாயும் வேண்டும் என்று எதிர்பார்ப்பவர்கள் வேறு கதை பார்த்துக்கொள்ளலாம். எனக்குப் பேய் நம்பிக்கை கிடையாது. நம்புகிறவர்களைக் கண்டால் இளக்காரம்தான். செய்தி எழுதிப் பிழைக்கிறவன் நான். பார்த்ததை மட்டும் எழுதிப் பழக்கம். இதில் பார்த்தது குறைவு. முதுகில் பட்டதுதான் அதிகம்.

புனித தெக்லாவின் திருவிழா வந்தால் எங்கள் ஊரில் கப்பல் கப்பலாக ஆட்கள் வந்து இறங்குவார்கள். பண்பாட்டைப் பார்க்க வருகிறார்களாம். காலை பத்து மணிக்கே திருவிழாச் சாராயத்தை ஐஸ் கட்டியோடு உறிஞ்சிவிட்டு, தேவாலயப் படிக்கட்டில் காலை நீட்டிக் கிடப்பார்கள். சூரை மீனும் நத்தையும் போட்ட குழம்பை வாங்கி, படம் பிடித்துவிட்டு, அப்படியே ஓரமாகத் தள்ளி வைத்து, உருளைக்கிழங்கு வறுவல் கேட்பார்கள். இவர்களுக்காகப் பத்திரிகையில் திருவிழாச் சிறப்பு மலர் எழுதுகிறவனும் நான்தான். பக்கத்துக்குப் பக்கம் 'பாரம்பரியம்' என்ற சொல் வர வேண்டும் என்பது ஆசிரியர் உத்தரவு. அவரும் இந்த ஊர்க்காரர்தான். திருவிழாவுக்கு மட்டும் ஊரை விட்டு ஓடிவிடுவார்.

அந்த வருடம் இன்னும் ஒரு படி கீழே இறங்கினார்கள். எங்கள் கோபுரக் குழுவின் தலைவன் எவுடால்ட், பயணிகளையும் அடிக்கூட்டத்தில் நிற்கவைக்கச் சம்மதித்திருந்தான். கோபுரம் என்றால் கல் அல்ல. தோள் மேல் தோளாக எட்டு அடுக்கு மனிதர்கள். கீழே இருநூறு பேர் நெருங்கி நின்று, கைகளை உயர்த்தி, முன்னால் நிற்பவர் மணிக்கட்டைப் பற்றி, அவர் முதுகில் நெஞ்சை அழுத்தி, தலையைக் கவிழ்த்துக்கொள்வோம். மேலே இருப்பவர்கள் விழுந்தால் எங்கள் மேல்தான் விழ வேண்டும். அதற்குத்தான் அடிக்கூட்டம். கடைசியாக உச்சிக்கு ஏறி ஒரு கையை உயர்த்திக் காட்டுவது எப்போதும் ஒரு குழந்தை.

அன்று அந்தக் குழந்தை என் மகள் அய்னா. எட்டு வயது. எட்டு அடுக்கில் அவளுக்கு அதுதான் முதல் தடவை.

காலையில் அவள் இடுப்பில் கறுப்புக் கச்சையைச் சுற்றி இறுக்கிக்கொண்டே என் மனைவி நெயுஸ் சொன்னாள்.

"இவ விழுந்தா நீ வீட்டுப் பக்கம் வந்துடாத."

"கீழ இருநூறு பேர் தாங்குறோம்ல?"

"அதுல எத்தனை பேரு நேத்துக் கப்பல்ல வந்தவன்?"

கச்சையின் மறுநுனியைப் பிடித்துக் கொடுத்தேன்.

சதுக்கத்தில் எனக்குப் பின்னால் நிறுத்தப்பட்டவனும் அப்படி ஒருவன்தான். யோஸ்ட். ரோட்டர்டாம்காரன். புதுச் சட்டையில் கடை மடிப்பு இன்னும் கலையவில்லை. எங்கள் மொழியில் ஒரு சொல் தெரியாது. எது சொன்னாலும் கட்டைவிரலைத் தூக்கிக் காட்டிச் சிரித்தான்.

"ஃபெர்மி, உன் பின்னாடி என்னய்யா நிக்குது? துணிக்கடைப் பொம்மையா?" என்றாள் என் வலப்பக்கம் நின்ற ரெமெய். கறிக்கடைக்காரி. ஊரிலேயே கூர்மையான பொருள் அவள் கத்தி இல்லை, நாக்கு.

"மோதிரத்தைக் கழட்டச் சொல்லலையா இவன்கிட்ட? மணிக்கட்டுல குத்துது" என்றேன்.

"சொன்னோம். சிரிச்சான்."

யோஸ்டின் மூச்சு என் பிடரியில் பட்டது. சாராய நெடி. அவன் நெஞ்சு என் முதுகில் ஏறி இறங்கியது, துருத்தி மாதிரி. பண்பாட்டை அனுபவிக்கிறான், அனுபவிக்கட்டும் என்று பல்லைக் கடித்தேன்.

"பேச்சு போதும்! தலையக் கவுத்துக்கங்க! இனிமே என் குரல் மட்டும்தான்!" என்று கத்தினான் எவுடால்ட்.

அதுதான் சட்டம். தலைவனைத் தவிர யாரும் வாய் திறக்கக் கூடாது. எலும்பு நொறுங்கினாலும் சரி. அடியில் ஒருவன் பயந்து கத்தினால் அந்தப் பயம் தோள் தோளாக மேலே ஏறும். மேலே கால் நடுங்கும்.

தலை கவிழ்ந்தபின் எங்களுக்கு எதுவும் தெரியாது. குழல்தான் சொல்லும். நாயனத்துக்குத் தம்பி மாதிரி ஒரு வாத்தியம். நாலாவது அடுக்கு நின்றதும் ஊதத் தொடங்குவார்கள். குழந்தை உச்சியில் கையை உயர்த்தும்போது மெட்டு மாறும். அடியில் கிடப்பவனுக்குக் கண் அதுதான்.

"அழுத்துங்க!"

அழுத்தினோம்.

கூட்டம் ஒருமுறை அலை மாதிரி அசைந்தது. இடப்பக்கம் ஏதோ சலசலப்பு. பிறகு அடங்கியது. பின்னாலிருந்து கைகள் மறுபடி என் மணிக்கட்டைப் பற்றின.

இப்போது மோதிரம் குத்தவில்லை. கடைசியில் கழற்றிவிட்டான் போலிருக்கிறது என்று நினைத்தேன். பிடியும் சரியாக இருந்தது. விரல்கள் உள்பக்கமாக, கட்டைவிரல் நாடியின் மேல். இந்தப் பிடி வரச் சிலருக்கு வருடக்கணக்கில் ஆகும்.

சாராய நெடியும் இல்லை.

குழல் தொடங்கியது. நாலாவது அடுக்கு நின்றுவிட்டது. பிள்ளைகள் இனிமேல்தான் ஏறுவார்கள்.

"இறக்கச் சொல்லு."

என் காதுக்குள். ஆண் குரல். மெதுவாக.

சட்டத்தை மீறிப் பேசுகிறான். பயணி புத்தி. தலையை இன்னும் தாழ்த்திக்கொண்டேன்.

"பிள்ளை மேல இருக்கு. இறக்கச் சொல்லு."

எனக்குச் சிரிப்பு வந்தது. மெட்டு மாறவில்லை. அய்னா இன்னும் பாதி உயரம் கூட ஏறியிருக்க மாட்டாள். மேலே எந்தப் பிள்ளையும் இல்லை. ஒன்றும் தெரியாத ஜென்மம், என் முதுகில் சாய்ந்துகொண்டு எனக்குப் பாடம் நடத்துகிறது.

"வாய மூடுடா" என்று முணுமுணுத்தேன்.

அப்போதுதான் உறைத்தது...

அவன் பேசியது எங்கள் மொழி. எங்கள் தெருவின் பேச்சு.

எல்லோரும் வியர்வையில் ஊறிக் கிடந்தோம். என் முதுகு மட்டும் குளிர்ந்திருந்தது. மீன் கடைக் கல் மாதிரி.

நான் கவனித்தேன். அடிக்கூட்டத்தில் நிற்பவனுக்கு மட்டும் தெரியும் விஷயம் இது. பின்னால் இருப்பவர் நெஞ்சு உன் முதுகில் ஏறும், இறங்கும். அதைக் கேட்டுத்தான் நீயும் மூச்சு விடுவாய்.

என் முதுகில் ஒரு நெஞ்சு அழுத்திக்கொண்டிருந்தது.

அது ஏறவில்லை.

காத்திருந்தேன்.

இறங்கவும் இல்லை.

குழல் ஊதிக்கொண்டே இருந்தது. அதே மெட்டு. அதே மெட்டு...

கைகள் இறுகின.

"நீயெல்லாம் ஒரு அப்பனா?"

கத்திவிட்டேன்.

"இறக்குங்க! பிள்ளைய இறக்குங்க!"

குழல் ஒரு கணம் தடுமாறியது. "யார்றா அது? வாய மூடு! இறங்குங்க, எல்லாரும் மெதுவா இறங்குங்க!" எவுடால்டின் குரல் உடைந்திருந்தது. அடுக்கடுக்காகக் கோபுரம் கழன்றது. யாருக்கும் ஒரு கீறல் இல்லை. போட்டிக் குழுவின் பக்கமிருந்து சீழ்க்கை. பயணிகள் மட்டும் கை தட்டினார்கள். இதுவும் நிகழ்ச்சியில் ஒரு பகுதி என்று நினைத்திருப்பார்கள்.

எவுடால்ட் என் சட்டையைப் பிடித்தான்.

"வருஷம் பூரா பயிற்சி! பொட்டச் சத்தம் போட்டுக் கெடுத்துட்டியேடா!"

"பின்னால இருந்தவன் சொன்னான்."

"எவன்?"

திரும்பினேன். இரண்டு ஆள் நிற்கும் அளவுக்கு வெற்றிடம். கல் தரை. அதைத் தாண்டி எங்கள் குழுவினர் என்னை முறைத்துக்கொண்டு நின்றார்கள்.

"உன் பின்னாடி யாருமே இல்லையேய்யா" என்றாள் ரெமெய். "அந்தப் பொம்மை குழல் ஊதறதுக்கு முன்னாடியே மயங்கிச் சரிஞ்சிடுச்சு. இடப்பக்கமா வெளிய இழுத்துப் போட்டாங்க. தலையக் கவுத்தபடியே உன் காலை ரெண்டு தடவை உதைச்சேன், பின்னாடி காலியா இருக்குன்னு. நீ மரம் மாதிரி நின்ன."

யோஸ்ட் ஒரு நாற்காலியில் உட்கார்ந்து தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தான். மோதிரம் விரலிலேயே இருந்தது. என்னைப் பார்த்துக் கட்டைவிரலைத் தூக்கினான்.

என் சட்டையின் முன்பக்கம் நனைந்து ஒட்டியிருந்தது. முதுகுப் பக்கம் உலர்ந்திருந்தது.

வெயில், நெரிசல், தகப்பன் பயம். மூன்றையும் சேர்த்து எனக்கு நானே ஒரு விளக்கம் எழுதிக்கொண்டேன். உள்ளூர்த் தொலைக்காட்சிப் பதிவைத் திரும்பத் திரும்பப் பார்த்தேன். கோபுரம் அசையவே இல்லை. எந்த முழங்காலும் நடுங்கவில்லை. நான் கத்தியிருக்காவிட்டால் அய்னா உச்சியைத் தொட்டிருப்பாள். குழுவில் என்னோடு யாரும் பேசவில்லை. அதில் எனக்கு வருத்தமில்லை. அய்னாவும் பேசவில்லை. அதுதான் வலித்தது.

புதன்கிழமை சாயங்காலம், சாப்பாட்டு மேசையில், தட்டைப் பார்த்தபடியே அவள் வாய் திறந்தாள்.

"அப்பா, அன்னிக்கு நீ கத்தலேன்னா நானே நின்னிருப்பேன்."

"ஏன்?"

"என் இடத்துல ஒரு பையன் உக்காந்திருந்தான்."

நெயுஸ் கரண்டியைக் கீழே வைத்தாள்.

"எந்த இடத்துல?"

"உச்சியில. நான் கை தூக்கவேண்டிய இடத்துல. அழுதுட்டே கீழ பாத்துட்டு இருந்தான். யாரையோ தேடற மாதிரி."

"அய்னா, நீ ஏறும்போது உனக்கு மேல ரெண்டு அடுக்குக்கு ஆளே நிக்கலை."

"ஆமா" என்றாள் குழந்தை. "அவனுக்குக் கீழ யாரும் இல்லை. சும்மா காத்துலதான் உக்காந்திருந்தான்."

'பிள்ளை மேல இருக்கு' என்று அந்தக் குரல் சொன்னது அய்னாவை அல்ல. நான் அவள் கையைப் பிடித்துக்கொண்டேன். அவள் விடுவித்துக்கொண்டாள். அவளுக்கு என் மேல் கோபம் தீர்ந்தபாடில்லை. காரணமும் இப்போதுதான் வந்தது.

"எங்களை மட்டும் ஏம்ப்பா இறக்கச் சொன்னே? நாங்க எல்லாரும் இறங்கிட்டோம். அவனை யாருமே இறக்கலை."