கோலா சாவாவில் காற்றுக்குக் கொட்டிய அரிசி

பதினோரு குழந்தைகளின் மத்தியானக் கஞ்சிக்கான அரிசியை ஒரே வீச்சில் மண்ணில் கொட்டியவன் நான். கள் குடித்துவிட்டு அல்ல, பாடம் நடத்தப் போய். அரிசி கண்ணில் படுவதே அபூர்வமான ஜப்பான்காரன் காலத்தில் செய்த காரியம் என்பதால், இருபது வருஷமாக வாயைத் திறக்கவில்லை.

சிரம்பானிலிருந்து புறப்பட்டது டோக்கியோ நேரப்படி காலை எட்டு மணிக்கு. கடிகாரத்தை ஒன்றரை மணி முன்னே தள்ளி வைக்க உத்தரவு. சேவல்களுக்கு உத்தரவு போய்ச் சேரவில்லை. அவை ஆறரைக்குரிய தொனியிலேயே கூவின. ரப்பர் விளையும் நாட்டில் சைக்கிளுக்கு டயர் கிடையாது. பூச்செடிக்குத் தண்ணீர் விடும் குழாயைச் சக்கரத்தில் சுற்றியிருந்தேன். கோலா சாவா பத்து மைல் என்றார்கள். என் இடுப்பு இருபது என்றது. வழியில் ஒரு கடையில் வறுத்த சோளத்தில் போட்ட கோப்பி, ஜப்பான்காரனின் வாழைமர நோட்டில் ஒரு டாலர். கடைக்காரர் என் சக்கரத்தைச் சுற்றிவந்து பார்த்தார்.

“எறங்கித் தள்ளிக்கிட்டுப் போங்க தம்பி. சீக்கிரம் போயிரலாம்லா.”

பத்தரைக்குத் தோட்டம். பள்ளிக்கூடத்து வாத்தியாரைச் சயாமில் ரயில் பாதை போடக் கொண்டுபோய்விட்டார்கள். தோட்டத்து ஆபீஸில் கணக்கெழுதும் கிராணியான என் சிநேகிதன் சதாசிவம், வாரம் ஒரு நாள் வந்து பிள்ளைகளுக்கு எதையாவது சொல்லிக் கொடு என்று கேட்டிருந்தான். எதையாவது சொல்வதில் எனக்கு அன்றைக்கே நல்ல பெயர்.

தொழிலாளர் குடியிருந்த லயத்துக் கூரைகள் சிவந்திருந்தன. எதிர்க் குன்றில் ரப்பர் மரங்களை வெட்டி மரவள்ளி நட உத்தரவு. மரங்கள் போய்விட்டன, மரவள்ளி இன்னும் வரவில்லை, ஒரு மாதமாக மழையும் இல்லை. அந்தக் குன்றின் புழுதிதான் கூரையில், கிணற்றில், பிள்ளைகளின் தலையில். காற்று நிலத்தை எப்படி அரிக்கிறது என்பதையே பாடமாக வைத்துக்கொண்டேன். பூகோளப் புத்தகத்தில் படித்த பாலைவனத்தை அள்ளி வீசினேன். காற்று மணலை வாரி அடிக்கும், பாறையின் கால் தேய்ந்து தலை பெருத்துக் காளான் போல நிற்கும் என்றேன். ஒன்பது வயது அஞ்சலை கை தூக்கினாள்.

“சார், பாலவனம் பாரோய் ஊருக்கு அந்தப் பக்கமா?”

பக்கத்துப் பிள்ளைக் கொட்டகையில் ஆயா மாரியாயி அரிசி புடைத்துக்கொண்டிருந்தாள். வேலைக்குப் போன தாய்மாரின் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்வதும், மத்தியானம் பள்ளிக்கூடத்துப் பதினோரு பேருக்கும் கஞ்சி ஊற்றுவதும் அவள் பொறுப்பு. முறத்தில் கல்லும் குருணையும் தவிடும், பூச்சி விழாமலிருக்கப் போட்ட சுண்ணாம்புத் தூளும் கலந்த பங்கீட்டு அரிசி. எனக்கு ஞானம் பிறந்தது. குன்றின் மேல் நின்று இதைத் தூற்றிக் காட்டினால் போதுமே.

“பாத்து சார். ரெண்டு பால் டின்னு அரிசி. இன்னிக்கு இம்புட்டுத்தான்.”

“ஒரு மணி சிந்தாது” என்றேன்.

நெல் தூற்றுவதைப் பற்றி நான் நிறையப் படித்திருந்தேன். முறத்தோடும் பிள்ளைகளோடும் குன்றேறிப் பாயை விரித்தேன். மறைக்கக் கூடாதென்று பிள்ளைகளைத் தள்ளி நிற்கச் சொன்னேன். பாயின் முனையில் ஆள் நிற்க வேண்டும் என்பது நான் படித்ததில் இல்லை. முறத்தைத் தலைக்கு மேல் தூக்கிச் சரித்த நேரம், குன்றின் மேல் காற்று திரும்பியது. பாய் தன்னைத் தானே சுருட்டிக்கொண்டு போயிற்று. அரிசி போயிற்று.

யாரும் சிரிக்கவில்லை. பதினோரு பேரும் மண்டியிட்டார்கள். நானும்தான்.

கல் என் காலடியிலேயே கிடந்தது. நாலைந்து அடி தள்ளி முழு அரிசி. குருணை அதற்கும் அப்பால். அஞ்சலைதான் முதலில் கத்தினாள்.

“கட்டைக்குப் பின்னால பாருங்கடி, குமிஞ்சு கெடக்கு.”

வெட்டிய மரத்தின் அடிக்கட்டைகளில் காற்று மோதுகிற பக்கம் சுத்தமாக இருந்தது. மறுபக்கம், காற்று ஓய்கிற இடத்தில், செம்மண்ணும் குருணையும் வால்போல நீண்டு குவிந்திருந்தன. பிள்ளைகள் கட்டை கட்டையாக ஓடினார்கள். பொறுக்கியபடியே நான் சொல்லிக்கொண்டு வந்தேன்: கனமானதைக் காற்று உருட்டும், நடுத்தரத்தைத் தத்தவிடும், தூளை ஊர் தாண்டித் தூக்கிப்போகும். களைத்த இடத்தில் சுமையை இறக்கும். மணல்மேடு உண்டாவது அப்படித்தான். இருபது அடி தள்ளி, குன்றின் ஓரத்தில் வெட்டாமல் விட்ட ரப்பர் மரங்களின் கீழே சருகும் வேரும் பிடித்திருந்த மண்ணில் ஒரு துகள் எழவில்லை. அதையும் காட்டினேன். யாராவது நிமிர்ந்து பார்த்தார்களா என்று தெரியாது.

ஒரு மணிக்கு ஒன்றரை டின் தேறியது. மாரியாயி ஏழு தண்ணீரில் களைந்தாள். மீதிக்கு மரவள்ளிக் கிழங்கை நறுக்கிப் போட்டாள். எனக்கும் ஒரு சிரட்டையில் வந்தது. வேண்டாம் என்றேன்.

“குடிங்க சார். புள்ளைங்க மண்ணத் திங்கயில ஒங்களுக்கு மட்டும் என்ன?”

குடித்தேன். மண் நறநறவென்று பல்லில் பேசிற்று. பிள்ளைகள் ஒருவரும் முகம் சுளிக்கவில்லை.

மாலையில் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு திரும்பும்போது குன்றின் மேல் சிவப்பாக ஒரு படலம் நின்றது. அதற்குப் பிறகு எத்தனையோ நல்ல விருந்து சாப்பிட்டிருக்கிறேன். ஆனால் பதினோரு தலைகள் குனிந்து காற்றின் வழியை விரலால் தேடிய அந்த ஒரு மணி நேரம்தான் நான் வாத்தியாராக இருந்த நேரம் என்று ரொம்பநாள் நம்பிக்கொண்டிருந்தேன்.

போன மாதம் சிரம்பான் பசாரில் அஞ்சலையைப் பார்த்தேன். இடுப்பில் குழந்தை, கையில் மீன். அன்று நடத்திய காற்றுப் பாடம் ஞாபகம் இருக்கிறதா என்று கேட்டேன். நழுவிய குழந்தையை இடுப்பில் ஏற்றிக்கொண்டாள்.

“அன்னிக்கு நீங்க பாடமா சார் நடத்துனீங்க? அரிசியக் கொட்டுனதுக்கு ஆயா ஒங்களப் பொறுக்க வச்சிச்சு, பயத்துல ஏதோ பெனாத்துறீங்கன்னுல்ல நாங்க நெனச்சோம்.”