பாலத்தில் மட்டும் நிற்கும் வண்டி

முதலில் என் முட்டாள்தனத்தைச் சொல்லிவிடுகிறேன். செத்துப்போன என் அண்ணன், தன்னுடைய காரின் கிராங்க் சென்சாருக்குள் போய் உட்கார்ந்துகொண்டு, நான் காவிரிப் பாலம் ஏறும்போதெல்லாம் இன்ஜினை அணைக்கிறார் என்று நான் மனதார நம்பினேன். சிரிப்பவர்கள் சிரித்துக்கொள்ளலாம். என் கதையை வேறு ஒருவன் வந்து சொல்லியிருந்தால் நானும் விழுந்து விழுந்து சிரித்திருப்பேன், டீ வாங்கிக் கொடுத்து இன்னொரு முறை சொல்லச் சொல்லியிருப்பேன்.

ஏனென்றால் நான் அப்படிப்பட்ட ஆள் இல்லை. பொன்மலையில் கார் பட்டறை வைத்திருக்கிறேன். பம்பரில் எலுமிச்சம்பழம் கட்டிக்கொண்டு வருகிற வண்டிக்காரர்களிடம், "சார், இது மைலேஜுக்கா, ஊறுகாய்க்கா?" என்று கேட்கிற வாய் எனக்கு. வண்டி நின்றால் ஸ்கேனரைச் சொருகு, கோளாறு என்னவென்று அதுவே சொல்லும், ஆவியும் வேண்டாம் ஆண்டவனும் வேண்டாம் என்பதுதான் என் கட்சி.

அண்ணன் ரயில்வே பணிமனையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். ஸ்ரீரங்கத்தில் வீடு. ஆடி மாதம் ஒரு நாள் சாப்பிட்டுக் கை கழுவப் போனவர் வாஷ்பேசின் பக்கத்திலேயே சரிந்து போய்விட்டார். அவருக்கு ஒரே பெண், நித்யா. மகன் இல்லாததால் காரியமெல்லாம் நான்தான் செய்தேன். ஊரே அழுதது. எனக்கு மட்டும் ஒன்றும் வரவில்லை, கரண்ட் போன வீடு மாதிரி உள்ளே கம்மென்று இருந்தது. அம்மா மண்டபத்துப் படித்துறையில் அஸ்தியைக் கரைக்கும்போதுகூட, "பாத்துப் போங்கண்ணே, தண்ணியில பிரேக் பிடிக்காது" என்று சொல்லிவிட்டேன். ஐயர் முறைத்தார். அண்ணி தலையைக் குனிந்துகொண்டார். அழுதாரா, சிரித்தாரா என்று இன்றைக்கு வரை எனக்குத் தெரியாது.

அதற்குப் பிறகு அண்ணன் காரை நான்தான் ஓட்டினேன். அப்போதுதான் அது பாலத்தில் நிற்க ஆரம்பித்தது.

எங்கே வேண்டுமானாலும் ஓட்டலாம். முக்கொம்பு வரைக்கும் போய் வந்தேன், மருங்காபுரி வரைக்கும் ஒரு உறவுக்காரர் வீட்டுக்குப் போய் வந்தேன், பூ மாதிரி ஓடியது. காவிரிப் பாலம் ஏறி, மலைக்கோட்டை கண்ணில் படுகிற இடத்தில், சொல்லி வைத்தது மாதிரி ஒரு இருமல், அப்புறம் இன்ஜின் அமைதி. ஆற்றில் சற்றுத் தள்ளி அதே படித்துறை. கொஞ்ச நேரம் கழித்துச் சாவியைத் திருப்பினால் ஒன்றுமே நடக்காதது போலக் கிளம்பும். ஒவ்வொரு முறையும் அப்படித்தான் என்று சொல்ல மாட்டேன். சில நாள் நிற்காது. அதுதான் இன்னும் பயம். நிற்குமா நிற்காதா என்று கேட்டால் அண்ணன் மூடைப் பொறுத்தது என்று நானே முடிவு பண்ணிவிட்டேன்.

ஸ்கேனரில் ஒரே ஒரு கோளாறுதான் பதிவாகியிருந்தது. கிராங்க் சிக்னலும் கேம் சிக்னலும் ஒத்துப்போகவில்லை. புரியும்படி சொல்கிறேன். இன்ஜினுக்குள் பிஸ்டன் எந்த இடத்தில் இருக்கிறது என்று ஒரு சென்சார் சொல்லும், அது கிராங்க். வால்வு எப்போது திறக்கிறது என்று இன்னொன்று சொல்லும், அது கேம். நாயனமும் தவிலும் மாதிரி. இரண்டும் ஒரே தாளத்தில் போனால்தான் எப்போது தீப்பொறி விடுவது என்று வண்டியின் கம்ப்யூட்டருக்குத் தெரியும். ஒன்று தாளம் தப்பினால் அது கச்சேரியை முடித்துக்கொள்ளும். எந்த ஆள் தப்பினான் என்பதை மட்டும் ஸ்கேனர் சொல்லாது. அதை நாம்தான் கண்டுபிடிக்க வேண்டும்.

நான் கண்டுபிடித்தது அண்ணனை. ஒரு நாள் பாலத்தில் வண்டி நின்றதும், பானெட்டைத் திறந்து குனிந்து, "அண்ணே, அன்னைக்குச் சொன்னது விளையாட்டுக்குண்ணே, மன்னிச்சிடுங்க" என்று இன்ஜினிடம் சொன்னேன். சத்தியமாகச் சொன்னேன். பக்கத்தில் நின்ற டூவீலர்காரர் என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டு வண்டியை வேகமாக எடுத்துக்கொண்டு போனார். மறுநாள் யாருக்கும் தெரியாமல் பம்பருக்கு அடியில் ஒரு எலுமிச்சம்பழம் கட்டினேன். பக்கத்துக் கடையில் டிங்கரிங் பண்ணுகிற ஜோசப் அதைப் பார்த்துத் தொலைத்துவிட்டான்.

"மாப்ள, இது மைலேஜுக்கா, ஊறுகாய்க்கா?"

"வாயை மூடுடா."

"இல்ல மாப்ள, உப்பு வேணும்னா சொல்லு, வீட்ல இருக்கு."

இந்தப் பயத்துக்கு ஒரு காரணம் இருந்தது. நித்யா நிறைமாதமாகத் தாய் வீட்டுக்கு வந்திருந்தாள். ஆஸ்பத்திரி தில்லை நகரில். நடுவில் காவிரி. "ஆட்டோ வேணாம் சித்தப்பா, அப்பா வண்டியிலதான் போவேன்" என்று சொல்லிவிட்டாள். நானும் வீராப்பாக, "நான் இருக்கேன்மா" என்று சொல்லிவிட்டேன். வலி எடுத்து வரும் பெண்ணை நடுப்பாலத்தில், லாரிகளுக்கு நடுவே நிறுத்தி வைத்துக்கொண்டு, செத்துப்போன அவள் அப்பாவிடம் நான் கெஞ்சிக்கொண்டிருக்கும் காட்சி தினமும் கண்ணுக்குள் வந்து போனது.

அதனால் எலுமிச்சம்பழத்தை அவிழ்த்துப் போட்டுவிட்டு ஒழுங்காக வேலை பார்த்தேன். இந்த மாதிரி வந்து வந்து போகிற கோளாறுக்குச் சூடுதான் பாதிக் காரணம் என்பது எங்கள் தொழிலில் எல்லாரும் சொல்வது. ஸ்ரீரங்கத்து வீட்டு வாசலிலேயே வண்டியை ஓடவிட்டு, நித்யாவின் ஹேர் டிரையரை வாங்கி, இன்ஜின் மேல் கையை ஊன்றிக் குனிந்து, கீழே இருக்கிற கிராங்க் சென்சாருக்குச் சூடு காட்டினேன். அண்ணி கோலமாவு டப்பாவோடு வெளியே வந்து நின்று பார்த்தார்.

"என்ன தம்பி, வண்டிக்கு எண்ணெய் தேய்ச்சுக் குளிப்பாட்டிட்டீங்களா?"

"ஆமா அண்ணி, தலை காயணும்ல, சளி பிடிச்சிக்கும்."

அவர் சிரித்தார். அண்ணன் போன பிறகு அண்ணி சிரித்து அன்றைக்குத்தான் பார்த்தேன். அந்த நேரம் பார்த்து இன்ஜின் நின்றது.

எனக்கு வந்த சந்தோஷத்தைச் சொல்ல முடியாது. பேயும் இல்லை பிசாசும் இல்லை, சூடானால் உயிரை விடுகிற ஒரு சென்சார், அவ்வளவுதான். புதுசு வாங்கி மாட்டினேன். மாட்டின கையோடு இன்ஜின் முழுவதையும் டீசல் போட்டுத் தேய்த்து, துணியால் துடைத்து, கண்ணாடி மாதிரி வைத்தேன். பாலத்தில் பல தடவை போய் வந்தேன். நிற்கவில்லை. ஜோசப்புக்கு எலுமிச்சை ஜூஸ் வாங்கிக் கொடுத்தேன்.

ஹேர் டிரையர் பிடித்தபோது என் முழங்கை எங்கே ஊன்றியிருந்தது என்று மட்டும் நான் யோசிக்கவில்லை.

இங்கே அண்ணனைப் பற்றி இன்னொரு விஷயம் சொல்ல வேண்டும். பணிமனையில் வேலை பார்த்த காலத்தில் அவருக்கு வலது மோதிர விரல் நுனி மெஷினில் சிக்கி நறுக்கென்று சாய்வாகப் போய்விட்டது. அதனால் அவர் சந்தனம் வைத்தால் பொட்டு வட்டமாக விழாது, பிறை மாதிரி விழும். ஆயுத பூஜைக்கு வருஷா வருஷம் என் பட்டறைக்கு வந்து ஜாக்கி, ஸ்பானர், பேட்டரி என்று ஒன்று விடாமல் பிறை பிறையாக வைத்துவிட்டுப் போவார். என் ஸ்கேனர் திரையிலும் ஒன்று வைத்தார். "ரம்ஜானுக்குப் பிறை பார்க்க இனிமே மாடிக்குப் போக வேணாம், என் கடைக்கு வந்தா போதும்" என்று ஊரெல்லாம் சொல்லித் திரிந்தேன். இந்த வருஷம் துக்கம் நடந்த வீடு, பண்டிகை கிடையாது. அந்த வீட்டிலும் பூஜை இல்லை, என் பட்டறையிலும் இல்லை. யாரும் எதற்கும் பொட்டு வைக்கவில்லை.

கார்த்திகை மழை. நித்யாவுக்கு நாள் நெருங்கியதால் நான் ஸ்ரீரங்கத்து வீட்டிலேயே தங்கிவிட்டேன். வண்டி கேட்டுக்கு உள்ளே. சாவி என் அரைஞாண் கயிற்றில், கேலி செய்யாதீர்கள், அங்கேதான் முடிந்து வைத்திருந்தேன். காலையில் டிபன் சாப்பிடும்போது வலி எடுத்தது. பின் சீட்டில் அண்ணியும் அவளும். மாம்பழச் சாலை தாண்டிப் பாலம் ஏறினோம். மலைக்கோட்டை கண்ணில் பட்டது. ஒரு இருமல். அமைதி.

பின்னால் ஹாரன்கள். சாவியைத் திருப்பினேன், சுற்றியது, பிடிக்கவில்லை. மறுபடி. பிடிக்கவில்லை.

"தம்பி, என்னாச்சு?" என்றார் அண்ணி.

"ஒண்ணுமில்லண்ணி, வண்டி கோபுரத்தைத் திரும்பிப் பார்த்து ஒரு கும்பிடு..."

"சித்தப்பா, ஜோக் மட்டும் சொல்லாதீங்க," பல்லைக் கடித்துக்கொண்டு சொன்னாள் நித்யா. "சிரிச்சா வலிக்குது."

மழையில் இறங்கிப் பானெட்டைத் திறந்தேன். பயம்கூட வரவில்லை. ஆடி மாதம் வந்த அதே கம்மென்ற அமைதிதான். புதுசாகப் போட்ட கிராங்க் சென்சாரைத்தான் பார்க்கப் போனேன். அதற்கு முன்னால் கண்ணில் பட்டது, மேலே, கேம் சென்சாரின் வயர் போய்ச் சொருகுகிற கருப்பு பிளாஸ்டிக் கனெக்டர். அதன் மேல் ஒரு சந்தனப் பொட்டு. நடுவில் துளி குங்குமம். பொட்டு வட்டமாக இல்லை.

அண்ணி குரல் கேட்டு, அந்தக் கனெக்டரைக் கட்டை விரலால் அழுத்தினேன். கிளிக் என்று உள்ளே போய் உட்கார்ந்தது. அது வரைக்கும் அது முழுதாக உட்காரவே இல்லை, பாதியில் தொங்கிக்கொண்டிருந்திருக்கிறது. பாலம் என்றால் இணைப்புகள் இருக்கும், ஒவ்வொரு இணைப்பிலும் வண்டி தடக் தடக் என்று குலுங்கும், அந்தக் குலுக்கலில் அது விட்டு விட்டுப் பிடித்திருக்கிறது. அன்றைக்கு வாசலில் இன்ஜின் நின்றது ஹேர் டிரையர் சூட்டில் இல்லை, இந்த வயர் மேல் ஊன்றிய என் முழங்கையால். தப்பான ஆளை மாற்றிவிட்டு, ஜூஸ் வேறு வாங்கிக் கொடுத்திருக்கிறேன்.

சாவியைத் திருப்பினேன். பிடித்தது. ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேர்ந்தோம். மாலையில் பெண் குழந்தை பிறந்தது, தாயும் சேயும் நலம்.

வராந்தாவில் அண்ணியிடம் கேட்டேன், வண்டிக்குள் பொட்டு வைத்தீர்களா என்று.

"துக்க வீட்ல யாரு தம்பி வண்டிக்குப் பொட்டு வைப்பாங்க? எனக்கு அந்த மூடியைத் திறக்கவே தெரியாதே" என்றார். பிறகு என் முகத்தைப் பார்த்துவிட்டு, "ஏன் கேக்கறீங்க?" என்றார். ஒன்றுமில்லை என்றேன். ஜோசப்பைக் கேட்டேன். "நான் வெச்சா சிலுவைதாண்டா வெச்சிருப்பேன்" என்றான். பழைய பொட்டு என்று சொல்லலாம் என்று பார்த்தேன். டீசல் போட்டுத் துடைத்தவனே நான்தான்.

கேட்கிறவர்களுக்கெல்லாம் கனெக்டர் லூஸ் என்றுதான் சொல்கிறேன். அது பொய்யும் இல்லை. கனெக்டர் லூஸாக இருந்தது, அழுத்தினேன், வண்டி ஓடியது, இன்று வரை நிற்கவில்லை. நித்யாவின் பாப்பா இப்போது அந்த வண்டியில் ஏறினால்தான் தூங்குகிறாள். எண்ணெய் பார்க்க அடிக்கடி பானெட்டைத் திறப்பேன். அந்தப் பொட்டை நான் துடைக்கவில்லை. கொதிக்கிற இன்ஜின் மேல் சந்தனம் ஒரு மணி நேரத்தில் காய்ந்து உதிர வேண்டும். இன்று காலையும் திறந்து விரல் வைத்துப் பார்த்தேன். ஈரமாகத்தான் இருக்கிறது.