பெரியப்பாவின் இங்கிலீஷ்

பெரியப்பா பெங்களூர் மில் ஒன்றில் வாட்ச்மேனாக இருந்துவிட்டு வேப்பனப்பள்ளிப் பக்கம் எங்கள் ஊருக்கே திரும்பியவர். இங்கிலீஷ் வார்த்தைகள் அவருக்குத் தனித்தனியாகத் தெரியும். இரண்டு சேர்ந்தால் அர்த்தம் மாறும் என்பது தெரியாது. மற்றவர்களுக்கு அதுவும் தெரியாததால் அவர் சொன்னதுதான் இங்கிலீஷ்.

எனக்கு எட்டு வயதிருக்கும்போது டைஃபாய்டில் நினைவிழந்த அம்மாவைக் கிருஷ்ணகிரி ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். வடக்கேயிருந்து புதிதாக வந்திருந்த டாக்டரம்மாவுக்குத் தமிழும் தெரியாது, கன்னடமும் தெலுங்கும் தெரியாது. அம்மாவைப் பார்த்துவிட்டு, "ஷீ வில் புல் த்ரூ" என்றார். பெரியப்பா தலையாட்டிவிட்டு எங்களிடம் வந்தார்.

"புல்லுன்னா இழுக்கறது. இழுத்துக்கினு இருக்குதாம். இனி நம்ம கையில ஒண்ணுமில்ல."

அத்தையை அம்மாவுக்குத் துணைக்கு விட்டுவிட்டு ஊருக்கு வந்தோம். என்னைப் பார்த்துக்கொள்ள அம்மாவின் தங்கை வந்திருந்தாள். அன்று சாயங்காலமே பெரியப்பா அப்பாவிடம் பேச்சை எடுத்தார்.

"கொழந்தைக்கு ஒரு தொணை வேணும். சின்னவளையே கட்டிக்கடா."

சித்தி அடுப்படியில் அழுதாள். அப்பா தரையைப் பார்த்தபடியே, "நீ பாத்து செய்யிண்ணா" என்றார்.

அம்மா பிழைத்துக்கொண்டாள். சேதி கேட்டு ஆஸ்பத்திரிக்கு ஓடி, "டாக்டரம்மா புல்லுன்னாங்களே" என்ற பெரியப்பாவிடம் நர்ஸ் சொன்னார்: "புல் மட்டும்னா இழுக்கறது. புல் த்ரூன்னா பொழச்சிக்குவாங்கன்னு அர்த்தம்."

வீட்டுக்கு வந்த அம்மாவிடம் பக்கத்து வீட்டுக்காரி எல்லாவற்றையும் சொல்லிவிட்டாள். முடி கொட்டிய தலையில் முந்தானையைப் போட்டுக்கொண்டு அம்மா வாசலுக்கு வந்தாள். பெரியப்பா முந்திக்கொண்டார்.

"புல்லுன்னா இழுக்கறது தானம்மா? இங்கிலீஷ்ல தப்பாப் போச்சு."

அம்மா அவரைப் பார்க்கவில்லை. அப்பாவைப் பார்த்தாள்.

"அவருக்கு இங்கிலீஷ் புரியல. நீங்க தமிழ்ல தானே சரின்னீங்க?"



எனக்குப் பெரியப்பா மேல் அப்படி ஒரு ஆத்திரம். மறுநாள் அவர் சாப்பிட வந்தபோது தண்ணீர்கூட வைக்காமல் நின்றேன். அம்மா என்னைத்தான் அதட்டினாள். அவருக்கு வழக்கம்போலக் களியும் குழம்பும் போட்டாள். அப்பாவின் தட்டை மட்டும் ணங்கென்று தரையில் வைத்துவிட்டு உள்ளே போய்விட்டாள். பல வருஷங்கள் அப்படித்தான் வைத்தாள்.

தப்பாகச் சொன்னவருக்கு உபசாரம், அண்ணன் பேச்சைத் தட்டாத அப்பாவுக்குத் தண்டனையா? அன்று எனக்கு அம்மா மேல்தான் கோபம் கோபமாக வந்தது.