தறிமரத்துக்கு மெத்தை கட்டிய நான்கு மாதம்

பிள்ளைகளே, உங்கள் இரண்டு பேரிடமும் நான் ஒரு பொய் சொல்லியிருக்கிறேன். பெரியவள் ஆறாவதும் சின்னவன் மூன்றாவதும் படித்த வருஷம், நானும் அம்மாவும் அடிக்கடி வேலூருக்குப் போனோமே, அப்போது ஜரிகை வாங்கப் போவதாகச் சொன்னேன். ஜரிகையை முதலாளியே ஆரணியில் கொடுத்துவிடுவார். நாங்கள் போனது ஆஸ்பத்திரிக்கு. நான் எட்டாவது வரைக்கும் படித்தவன். எழுத்தில் பிழை இருந்தால் திருத்திக்கொள்ளுங்கள். விஷயத்தில் பிழை வராமல் எழுதப் பார்க்கிறேன்.

சேவூர் வீட்டில் அப்போது இரண்டு குழித்தறி. ஒன்றில் நான், ஒன்றில் அம்மா. குழியில் காலை விட்டு உட்கார்ந்தால், நெய்த சேலை சுருண்டுகொள்ளும் படமரம் நமக்கு முன்னால் குறுக்கே இருக்கும். பாவில் இழை அறுந்தால் அந்த மரத்தின் மேல் சாய்ந்து, எட்டிப் பிடித்துப் பிணைக்க வேண்டும். சாயும்போதெல்லாம் மரம் மார்பில் அழுத்தும். அதனால் எங்கள் தெருவில் எந்தப் பெண்ணுக்கு மார்பில் வலி என்றாலும், கட்டி என்றாலும், மரம் இடித்திருக்கும் என்பார்கள். அதோடு பேச்சு முடிந்துவிடும்.

அம்மாவுக்கு நாற்பது தாண்டியிருந்தது. ஒருநாள் எனக்குச் சோறு போட்டுக்கொண்டே சொன்னாள்.

"ஏங்க, இடது பக்கம் கொட்டைப்பாக்கு கணக்கா ஒன்னு உருளுதுங்க."

"நோவுதா?"

"நோவல."

"அப்போ மரம் இடிச்சதுதான். நோவாட்டி இன்னா பயம்?"

சொல்லிவிட்டு ரசம் கேட்டேன். அது நன்றாக ஞாபகம் இருக்கிறது.

மறுநாள் பழைய போர்வை ஒன்றைக் கிழித்து, சுருளும் சேலையில் உரசாதபடி, அவள் சாயும் இடத்தில் மெத்தை மாதிரி கட்டிக் கொடுத்தேன். உட்காரும் பலகைக்கு அடியில் கட்டை வைத்து உயர்த்தினேன். உப்பு வறுத்துத் துணியில் முடிந்து ஒத்தடம் கொடுக்கச் சொன்னேன். இப்படியே நான்கு மாதம் போனது. கட்டி போகவில்லை. அவள் குளித்துவிட்டு வரும்போதெல்லாம் முகத்தைப் பார்ப்பேன். எப்படி இருக்கிறது என்று கேட்கமாட்டேன். கேட்டால் பதில் வந்துவிடுமே. புற்றாக இருந்துவிட்டால் உங்களை வைத்துக்கொண்டு நான் என்ன செய்வேன் என்பதுதான் உள்ளுக்குள் ஓடிக்கொண்டிருந்தது.

ஒருநாள் அவளே ஆரம்பித்தாள். "மரத்துக்கு மெத்தை போட்டிங்க, பலகைக்கு முட்டு குடுத்திங்க. தறிக்கு உண்டான வைத்தியம் எல்லாம் ஆச்சு. எனக்கு எப்போ பண்ணப் போறிங்க?"

நான் ஊடை இழை கோத்த நாடாவை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் ஓட்டினேன்.

எங்கள் பக்கத்து வீடுகளுக்கெல்லாம் ஒரு சுகாதார நர்சம்மா வருவார். குழந்தைகளுக்குச் சொட்டு மருந்து போட வருகிறவர்தான். அம்மா என்னிடம் சொல்லாமலே அவரிடம் காட்டிவிட்டாள். அவர் நேராக என் தறிக்குப் பக்கத்தில் வந்து நின்றார்.

"அண்ணா, கொஞ்சம் தறிய நிறுத்துங்க. எத்தினி வருசமா நெய்யறீங்க?"

"இருபத்தஞ்சு இருக்கும்மா."

"அண்ணி?"

"அவ பதினஞ்சு."

"அவங்களுக்கு முன்னாடியிருந்து நீங்க இதே மரத்துல சாஞ்சுகினு இருக்கிறீங்க. உங்களுக்குக் கட்டி வந்துதா? இந்தத் தெரு ஆம்பளைங்க யாருக்காச்சும் வந்துதா?"

அத்தனை வருஷம் நெய்து, ஒருநாள்கூட எனக்கு அது தோன்றவில்லை.

"வலிக்கலன்னு சும்மா இருந்துடாதீங்கண்ணா. வலிக்காத கட்டியத்தான் ஜல்தியா காட்டணும். சனிக்கிழமை ஆரணியில முகாம் இருக்குது. லேடி டாக்டர்தான் பாப்பாங்க. இட்டுகினு வந்துடுங்க."

முகாம் ஒரு பள்ளிக்கூடத்தில் நடந்தது. மேஜையில் சீட்டு எழுதுகிறவர் என்ன உபத்திரவம் என்று என்னைக் கேட்டார். எனக்கு அந்தச் சொல் வாயில் வரவில்லை. "பொம்பளைங்க சமாச்சாரம் சார்" என்றேன். அவர் சீட்டைக் கிழித்துக் கொடுத்து ஒரு வரிசையைக் காட்டினார். அரை மணி நேரம் நின்ற பிறகுதான் அம்மா கவனித்தாள், அது கர்ப்பிணிகள் வரிசை.

"இந்த வயசுல என்னைப் புள்ளத்தாச்சி ஆக்கிட்டிங்களே" என்று சிரித்தாள். பிறகு அவளே மேஜைக்குப் போய்ச் சொல்லிச் சரியான சீட்டு வாங்கினாள். வெளியே வேப்பமரத்தடியில் என்னைப் போல நாலைந்து புருஷன்மார். கேட்டால் எல்லாரும் சுகர் பார்க்க வந்ததாகச் சொன்னோம்.

டாக்டர் கையால் தடவிப் பார்த்துவிட்டு, படம் எடுத்தால்தான் தெரியும் என்று வேலூருக்கு எழுதிக் கொடுத்தார். அப்போதுதான் உங்களிடம் ஜரிகைப் பொய்யைச் சொன்னேன்.

வேலூரில் இரண்டு மார்பையும் ஒவ்வொன்றாகத் தட்டுக்கு நடுவில் வைத்து அழுத்திப் படம் எடுக்கிறார்கள். வெளியே வந்த அம்மா, "எலுமிச்சம்பழத்த வண்டிச் சக்கரத்துல வெச்சா மாதிரி நசுக்கிட்டாங்க" என்றாள். வலித்ததா என்று கேட்டேன். "ரெண்டு நிமிசம். உங்க ஒத்தடத்துக்கு இது தேவலாம்" என்றாள். அப்புறம் கட்டியில் ஊசி போட்டுத் துளி சதை எடுத்துச் சோதனைக்கு அனுப்பினார்கள்.

முடிவு சொல்ல ஒரு வாரம் ஆகும் என்றார்கள். அந்த வாரம் நான் நெய்த முழத்தை முதலாளி பார்த்திருந்தால் திருப்பி அனுப்பியிருப்பார்.

வேலூர் டாக்டரம்மா எங்கள் இருவரையும் உட்கார வைத்துச் சொன்னார். இடது பக்கம் இருந்தது சாதாரணக் கட்டி, அதனால் கெடுதல் இல்லை. நான் எழுந்து கும்பிடப் போனேன். "உட்காருங்க, இன்னும் சொல்லி முடிக்கல" என்றார். எடுத்த படத்தில் வலது பக்கம் பொடியாக ஏதோ தெரிகிறது, அதையும் சோதித்தாக வேண்டும் என்றார். யார் கையிலும் தட்டுப்படாத இடம். அதிலிருந்தும் எடுத்துப் பார்த்தார்கள். அது புற்றுதான்.

அம்மா அழவில்லை. "எவ்ளோ பெருசுங்கம்மா?" என்று கேட்டாள்.

"ரொம்பச் சின்னது. இது கைக்குத் தெரியற அளவுக்கு வளர்ற வரைக்கும் விட்டிருந்தா வேற இடத்துக்கும் போயிருக்கலாம். இப்போ பரவல. அந்த இடத்த மட்டும் எடுத்துட்டு, கரண்ட் வைக்கலாம்."

அப்படித்தான் செய்தார்கள். மார்பை முழுதாக எடுக்கவில்லை. கரண்ட் வைப்பது என்று நாங்கள் சொல்லும் கதிர் சிகிச்சைக்குச் சில வாரம் தினமும் பஸ்ஸில் போய் வந்தோம். அம்மாவுக்குத் தோல் கறுத்தது, அசதி இருந்தது. நீங்கள் கேட்டதற்கு, வெயிலில் ஜரிகைக் கடை கடையாக அலைந்ததாகச் சொன்னாள். பொய்யில் என்னைவிடக் கெட்டிக்காரி.

ஒரு வருஷம் கழித்து மறுபடியும் படம் எடுத்தார்கள். டாக்டரம்மா அதை விளக்கில் மாட்டிப் பார்த்துவிட்டு, "ஒண்ணுமில்ல. நல்லா இருக்குறீங்க. வருசா வருசம் வாங்க" என்றார். வெளியே பெஞ்சில் உட்கார்ந்துகொண்டேன். அம்மா பக்கத்தில் உட்கார்ந்து, பசிக்கிறது என்றாள். போய் இரண்டு பேரும் நன்றாகச் சாப்பிட்டோம்.

இன்றைக்கும் அவள் வருஷம் தவறாமல் போய் வருகிறாள், உங்களுக்கே தெரியும். ஏன் என்பதுதான் தெரியாது. பெரியவளே, இனி உனக்குத் தெரிய வேண்டும். இதை உன் டாக்டரிடமும் சொல். எந்த வயதிலிருந்து படம் எடுக்க வேண்டும் என்று அவர்களே சொல்வார்கள். சின்னவனே, உன் பெண்டாட்டி ஏதாவது சொன்னால் ரசம் கேட்காதே.

ஒண்ணுமில்ல என்று டாக்டரம்மா சொன்ன அன்று, திரும்பி வந்து ஆரணி பஸ் நிலையத்தில் இறங்கியதும், நீங்கள் பள்ளிவிட்டு வந்துவிடுவீர்கள் என்று அம்மாவை டவுன் பஸ்ஸில் ஏற்றி அனுப்பினேன். தேவிகாபுரத்தில் என் அக்காவும் தறியில்தான் உட்கார்ந்திருந்தாள். அவளையும் போய்ப் படம் எடுத்துப் பார்க்கச் சொல்ல வேண்டும்; அவள் பக்கத்து வீட்டில் போன் உண்டு. நான் பஸ் நிலையத்து எஸ்.டி.டி. பூத்துக்குள் போய்க் கண்ணாடிக் கதவைச் சாத்தினேன். எண்ணை அழுத்துவதற்கு முன்னால், "மார்பு" என்று ஒரு தடவை சத்தமாகச் சொல்லிப் பார்த்தேன்.