கோல் கம்பத்துக்குப் பின்னால் மாமனார்

நம்ம தூத்துக்குடியில் கால்பந்தாட்டம் பார்க்கப் போகிறவர்கள் சாப்பிட்டுவிட்டுப் போவார்கள், அவ்வளவுதான். கேரளச் செக்போஸ்ட் தாண்டி நான் வாழ வந்த உதியன்குளங்கரையில் ஆட்டநாளென்றால் வீட்டின் நேரமே மாறிவிடும். காலைப் பலகாரம் செரிப்பதற்குள் மதியச் சோறு வடித்தாக வேண்டும். மாமனார் ஊருக்கெல்லாம் முந்திப் போய்க் கோல் கம்பத்துக்குப் பின்னால் இடம்பிடிப்பார். எதிரணிக் கோலியை, அதாவது கோல்கீப்பரை, ஆட்டம் முடியும்வரை வாயாலேயே வறுத்தெடுப்பது அவர் வேலை. இடைவேளைக்குப் பின் கோலி பக்கம் மாறினால் இவரும் மாறுவார். என் கணவர் ஸ்டீபன் விசில் ஊதுகிற நேரத்துக்குத்தான் கிளம்புவார், அதுவும் மஞ்சள் பனியனில். பிரேசில் உலகக் கோப்பையை ஜெயித்ததை டிவியில் பார்த்ததிலிருந்து, எங்கள் பக்கத்து டீமான குளத்தூர் தோற்றால் அவருக்கும் கூட்டாளிகளுக்கும் தூக்கம் கெடுவதில்லை. யார் நன்றாக ஆடினாலும் கைதட்டுவார்கள். “எதிராளிக்குக் கைதட்டவால கிரவுண்டுக்குப் போறிய?” என்று மாமனார் எகிறுவார்.

கல்யாணத்துக்கு அடுத்த கோடையில் குளத்தூரோடு மோத வந்தது தூத்துக்குடி டீம். கோலி என் தம்பி செல்வின். திருவனந்தபுரத்துக் கம்பெனி டீம் ஒன்றின் கோச் அவனைப் பார்க்கவென்றே வந்திருந்தார். பிடித்துப்போனால் நிரந்தர வேலை. அப்பா போன பிறகு எங்கள் வீடு அவனைத்தான் நம்பியிருந்தது. மதியம் எங்களோடு சாப்பிட்டான். மாமனார் தன் கையாலேயே மரச்சீனிக் கிழங்கும் மீன்கறியும் விளம்பினார். “தின்னு மக்கா, வெக்கப்படாத.” அவன் இலையைக் கையால் மறைத்தும் விடவில்லை. “மதி, போதும் அப்பா, அவன் ஓட வேண்டாமா?” என்றார் ஸ்டீபன். “கோலிக்கு என்னல ஓட்டம்?” எனக்கோ கண் நிறைந்துவிட்டது. பிறந்த வீட்டு ஆளை இப்படி யார் கவனிப்பார்கள்?

அறுவடை முடிந்த வயலில் ஆட்டம் தொடங்கியதும் எல்லாம் புரிந்தது. “எலே தூத்துக்குடி! மரச்சீனி வயித்துல கெடக்கா? குனிய முடியுமா? நாந்தானே வெளம்பினேன்!” மூங்கில் காலரியில் இருந்த கூட்டமே சிரித்தது. செல்வின் திரும்பிப் பார்த்தான். அதற்குள் பந்து உள்ளே போய்விட்டது. கோச் முகத்தைத் திருப்பிக்கொண்டார். பெண்களோடு வரப்பில் நின்ற எனக்கு ஆத்திரம் பொத்துக்கொண்டு வந்தது. ஸ்டீபன் ஓடிப்போய் மாமனார் கையைப் பிடித்தார். “அப்பா, பயலுக்க வேலைக் காரியமாக்கும்.”

“வீட்டுல அவன் எனக்கு மகன். இங்க ஆருமில்ல. விடுலே கைய.”

எப்படியோ தூத்துக்குடி இரண்டு கோல் போட்டு முந்தியது. முடிகிற நேரத்தில் குளத்தூருக்குப் பெனால்டி. மாமனார் வலையைப் பிடித்து உலுக்கிக் கத்தினார். இந்தமுறை செல்வின் திரும்பவில்லை. இடப்பக்கம் பாய்ந்து விழுந்தான். பந்து அவன் நெஞ்சுக்கடியில் இருந்தது. ஆட்டம் முடிந்த விசில் ஒலித்தது. மஞ்சள் பனியன்கள் எழுந்து கைதட்டின. கோச் அவனை நோக்கி வேகமாக நடந்தார்.

நான் வரப்பிலிருந்து குதித்து ஓடினேன். தம்பியைக் கட்டிக்கொள்ள வேண்டும், போகிற போக்கில் மாமனாரை நறுக்கென்று நாலு வார்த்தை கேட்கவும் வேண்டும். கிட்டே போனபோதுதான் பார்த்தேன். வலையில் நெற்றியை முட்டிக்கொண்டு அவர் அழுதுகொண்டிருந்தார். ஒரு டீம் தோற்றதற்கு ஒரு மனிதர் இப்படியா அழுவார்? எனக்கும் குளத்தூர் தோற்றது வலித்தது, சத்தியமாக வலித்தது.

“அக்கா! வேலை கெடச்சிட்டு, வாக்கா!” என்று செல்வின் கை நீட்டினான்.

“மக்கா, கையப் பிடி. கண்ணு தெரியல்ல, வீட்டுக்குப் போவோம்” என்றார் மாமனார் என்னிடம்.

கம்பத்தோடு சாய்ந்து நின்றேன். ஒரு கை வலைக்கு உள்ளே தம்பியிடம் இருந்தது, ஒரு கை வெளியே மாமனாரிடம்.