எதிர்க்காற்றில் முன்னால் போனவன்

என் சைக்கிள் பந்தயத்துக்கானது அல்ல. கனத்த இரும்புச் சட்டம், தடித்த டயர், மட்கார்டு, பின்னால் கேரியர். அதில்தான் ஆபீசுக்குப் போவேன். லீவு சேர்ந்தாற்போல் கிடைத்தால் பையைக் கட்டிக்கொண்டு கொல்லிமலைப் பக்கம் கிளம்பிவிடுவேன். துணைக்கு எப்போதும் என் கல்லூரித் தோழன் ஒருவன்தான்.

ஓர் ஆடி மாதம் அரியலூரிலிருந்து பெரம்பலூருக்கு சைக்கிள் பந்தயம் வைத்தார்கள். அவன் அதற்காகவே மெல்லிய டயர் போட்ட ரேஸ் சைக்கிள் வாங்கினான்.

"நீயும் வா மாப்ள, சும்மா ஜாலிக்கு."

கேரியரைக்கூடக் கழற்றாமல் போய் நின்றேன். சிலர் சிரித்தார்கள்.

ஊரைத் தாண்டியதும் சுண்ணாம்புக்கல் லாரிகள் சிந்திய சல்லி. முன்னால் பறந்தவர்கள் ஒவ்வொருவராக பஞ்சராகி ஓரம் கட்டினார்கள். என் டயருக்கு ஒன்றும் ஆகவில்லை. முதலாவதாகப் போய்க்கொண்டிருந்த என் தோழனும் ஒரு புளியமரத்தடியில் சக்கரத்தைக் கழற்றி வைத்துக்கொண்டு நின்றான். அவனைத் தாண்டிவிட்டால் எனக்கு முன்னால் யாருமில்லை.

"மாப்ள, ஒட்டுற சாமான் வச்சிருக்கியா?"

நின்றேன். நானே ஒட்டி, காற்றும் அடித்துக் கொடுத்தேன். நல்லவேளை, அதுவரை வேறு யாரும் எங்களைப் பிடிக்கவில்லை.

"இனிமே ரெண்டு பேரும் ஒண்ணாவே போயி எல்லைக் கோட்டைத் தொட்டுருவோம். எதிர்க்காத்து தாங்கல, நீ முன்னாடி போ. நான் ஒட்டிக்கிட்டே வரேன்."

முன்னால் போகிறவன் காற்றை வாங்கிக்கொண்டால் பின்னால் வருகிறவனுக்குப் பாதி உழைப்புதான். அது எனக்கும் தெரியும். தெரிந்தேதான் போனேன். தொடை மரத்துப்போனது, கண்ணில் புழுதி. பெரம்பலூரில் வரவேற்பு வளைவு தெரிந்ததும் முதுகுக்குப் பின்னால் கியர் மாறும் சத்தம் கேட்டது. என் முகத்தைப் பார்க்காமலே தாண்டிப் போய்விட்டான்.

மேடையில் கோப்பையோடு மைக் பிடித்தான். "வழியில பஞ்சர்ங்க. யாரு தயவும் இல்லாம வந்து சேர்ந்தேன்." கீழே நின்ற என்னைப் பார்த்ததும் சிரித்தான். "அந்தா, நம்மாளு பால்காரர் சைக்கிள்லயே ரெண்டாவதா வந்துட்டாரு. அவருக்கும் ஒரு கைதட்டு குடுங்க!"

கூட்டம் தட்டியது. நானும் பல்லைக் காட்டிக்கொண்டு நின்றேன்.

மறுவாரம் வீட்டு வாசலில் வந்து நின்றான். "போட்டின்னா போட்டிதான மாப்ள. இதுக்குப் போயி போனை எடுக்க மாட்டேங்கிற?"

அவன் என்னை முந்தியதைக்கூட மறந்திருப்பேன். அந்தக் கைதட்டை எனக்குப் பிச்சையாக வாங்கிப் போட்டானே, அதுதான் இன்னும் எரிகிறது. அதை அவனிடம் சொல்லவில்லை. உள்ளே வா என்றும் சொல்லவில்லை.